நாலு பத்துக்குப் பேசும் சுவர்

அந்தக் கோட்டை நகரத்தில் கணவனும் மனைவியும் சண்டை போட வேண்டுமென்றால் பஸ் பிடித்து மதிலுக்கு வெளியே போக வேண்டும். மேற்கு வாசலிலிருந்து அரை மணிக்கு ஒரு வண்டி உண்டு. ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்தே கண்டக்டர் போக வர இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிடுவார். போவதற்கு மட்டும் என்று யாராவது கேட்டால் கொடுக்க மாட்டார், அதில் அவர் கறார். வெளியே ஒரு பொட்டல், பொட்டலில் கற்கள், குடும்பத்துக்கு ஒரு கல். அவரவர் கல்லில் உட்கார்ந்து அவரவர் சண்டையைத் தீர்த்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவார்கள். வண்டி தாமதமானால் பாதிச் சண்டை நிறுத்தத்திலேயே ஆறிப்போகும். ஆறிப்போனவர்களும் கிளம்பின பாவத்துக்கு வண்டியேறிப் போய், வறுத்த கடலையைக் கொறித்துவிட்டு வருவார்கள். இவ்வளவு பாடும் எதற்கென்றால், மதிலுக்கு உள்ளே எந்த வீட்டிலாவது சண்டை போட்டு அது முடியாமல் நின்றுவிட்டால், மறுநாள் அதே நேரத்துக்கு அந்த அறையின் சுவர் அதைத் திருப்பிச் சொல்லும். அதே குரல், அதே மூச்சு, நடுவில் கீழே விழுந்த டம்ளரின் சத்தம் உட்பட. அதற்கு மறுநாளும் சொல்லும். நானூறு வருஷமானாலும் சொல்லும்.

சுவருக்கும் காதுண்டு என்பது மற்ற ஊர்களில் பழமொழி. இந்த ஊரில் அதற்கு வாயும் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். கோட்டையைக் கட்டிய ராஜாவுக்குத் தன் மந்திரிகள் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது. கொத்தனார்களில் கெட்டிக்காரன் ஒருவனைக் கூப்பிட்டு, சொன்னதைத் திருப்பிச் சொல்லும் சுவர் வேண்டும் என்றார். அவன் சுண்ணாம்பில் எதையோ சேர்த்தான். எதை என்று சொல்லாமலே செத்தும் போனான். சுவர் எழுந்தது, மந்திரிகள் பேசினார்கள், ராஜா கேட்டார், கேட்ட மூன்றாம் மாதம் மனம் நொந்து போய்ச் சேர்ந்தார். சுண்ணாம்பு அரைத்த காலமெல்லாம் அந்தக் கொத்தனாருக்கும் அவன் மனைவிக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். அதனால்தானோ என்னவோ, நாளாவட்டத்தில் சுவர்கள் மற்ற பேச்சையெல்லாம் மறந்துவிட்டன. முடியாத சண்டை மட்டுமே அவற்றின் நினைவில் நிற்கிறது. சண்டை முடிந்துவிட்டால் சுவரும் அதை விட்டுவிடும். விட்டதற்கு அடையாளமாகச் சுவரோரம் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு உதிரும். அதைப் பெருக்கித் தள்ளிவிட்டு வீட்டுப் பெண்கள் அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

கடிகாரத் தெருவில் மூன்றே அறைகள் கொண்ட ஒரு விடுதி இருந்தது. அதை நடத்தியவளுக்கு ஐம்பது வயது, கனத்த உடம்பு, இரண்டு படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்குவாள். கணவர் அருங்காட்சியகத்தில் வாள் அறையின் காவலர். நின்றுகொண்டே தூங்கக் கூடியவர், இருபத்தெட்டு வருஷ வேலையில் ஒரு வாள்கூடத் தொலையவில்லை என்பதால் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. முதல் அறையில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு படைத்தளபதி தன் சமையல்காரனைச் சூப்பில் உப்புக் கூடிப்போனதற்காகத் திட்டுவார். இன்றைக்குப் பாதி புரியாத பழைய பேச்சு அது. நோட்டுப் புத்தகத்தோடு வருகிற ஆராய்ச்சியாளர்களைத் தவிர அந்த அறையில் யாரும் தங்க மாட்டார்கள். இரண்டாம் அறையில் மதியம் இரண்டு மணிக்கு அண்ணன் தம்பி இருவர் ஒரு கிணற்றைப் பங்கு பிரிப்பார்கள். கிணறு தூர்ந்து அறுபது வருஷமாகிறது, இருந்தாலும் இருவரின் பேரன்மார்களும் ஆளுக்கொரு வக்கீலோடு வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். மூன்றாம் அறைதான் பேசாத அறை. கல்யாணமாகி வந்த அன்று அவளும் காவலரும் அந்த அறையில் சத்தம் போடுவதில்லை என்று கையடித்துக்கொண்டார்கள், இருபத்திரண்டு வருஷம் அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். கோபம் வந்தால் காவலர் குடையை எடுப்பார், அவள் செருப்பை மாட்டுவாள், இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடப்பார்கள். அவளுக்கு அந்த அறையின் மேல் இருந்த ஆசை, பிள்ளை மேல் இருக்கிற ஆசைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

ஆசை ஒருபக்கம் இருக்கட்டும், உரிமமே அந்த அறையை நம்பித்தான் இருந்தது. விடுதி என்று இருந்தால் பேசாத அறை ஒன்றாவது வேண்டும் என்பது நகராட்சி விதி. இல்லாவிட்டால் கட்டடம் அருங்காட்சியகத்தோடு சேர்ந்துவிடும், வீட்டுக்காரர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதைச் சோதிக்க வருஷத்துக்கு ஒரு முறை மதில் ஒலி ஆய்வாளர் வருவார். ஊரில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். காது கெட்டுப்போகக் கூடாது என்று தெருவில் நடக்கும்போதெல்லாம் கம்பளிக் காதுறை போட்டிருப்பார். யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். வேலை நேரத்தில் மட்டும் அதைக் கழற்றுவார். மடக்கு நாற்காலி ஒன்று, சாப்பாட்டுத் தூக்கு ஒன்று, பச்சைப் பெயிண்ட் டப்பா ஒன்று, சிவப்பு டப்பா ஒன்று. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை சுவரில் காதை வைத்து உட்கார்ந்திருப்பார். அந்த வருஷம் அவர் சனிக்கிழமை வருவதாகச் சீட்டு வந்திருந்தது.

அதற்கு முந்தின வியாழக்கிழமை காலையில்தான் அந்த இரண்டு பேரும் வந்தார்கள். தலைக்கு மேலே எழும்பி நிற்கிற முதுகுப் பைகள், பையிலிருந்து தொங்குகிற தண்ணீர்க் குப்பிகள், காயப்போட்டபடியே நடந்து வந்த இரண்டு ஜோடி காலுறைகள். அவன் ரயில்வேயில் கால அட்டவணை தயாரிக்கிறவன். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பார்த்து எழுத்துப் பலகை வாசிக்க வைக்கிறவள். மூன்றாம் அறையைக் கேட்டு வருகிறவர்களுக்கு விடுதிக்காரி ஒரு பரீட்சை வைத்திருந்தாள். "பயணம் எவ்வளவு நேரம்?" என்று சாதாரணமாகக் கேட்பாள். கணவன் ஒன்பது மணி நேரம் என்று சொல்லி, மனைவி எங்கே ஒன்பது, பன்னிரண்டாச்சு என்று சொன்னால், அறை இல்லை என்று கையை விரித்துவிடுவாள். இந்தப் பரீட்சையில் இதுவரை அவள் ஏமாந்ததில்லை. இவர்கள் இருவரும் ஒரே மூச்சில், ஒரே குரலில், "பதினோரு மணி இருபது நிமிஷம்" என்றார்கள். இப்படி ஒரு ஜோடியை அவள் கண்டதே இல்லை. மனம் குளிர்ந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். சண்டை கூடாது என்று எழுதிய பலகை கதவின் பின்னால் தொங்குகிறது, படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள், இவர்களிடம் போய் இதைச் சொல்வதா என்று விழுங்கிவிட்டாள். அட்டவணைக்காரன் அறைக்குள் போனதும் முதல் காரியமாகப் பைகளை மாட்ட ஆணி தேடினான். கதவுக்குப் பின்னால்தான் ஆணி இருந்தது. பலகை பைகளுக்குப் பின்னால் போய்விட்டது.

அவன் கையில் ஓர் அட்டவணை இருந்தது. மூன்று நாள், முப்பத்தொரு இடம். கோட்டை வாசல் 8.15, வாள் அறை 8.50, உடைந்த சிலைகளின் முற்றம் 9.35, தண்ணீர் குடிக்க 9.55 என்று போனது அது. மாலை 4.10 முதல் 4.30 வரை கால் ஓய்வு. அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். வருஷத்துக்கு ஒரு பழைய ஊர், ஊருக்கு மூன்று நாள், நாளுக்குப் பத்து இடம். எல்லா இடத்துக்கும் அவன் முன்னால் நடப்பான், அவள் பின்னால் வருவாள். வாள் அறையில் காவலர் கண்விழித்துப் பார்ப்பதற்குள் இருவரும் கடந்து போயிருந்தார்கள். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து, காற்று மாதிரி ஏதோ போச்சு என்று மட்டும் சொன்னார்.

அன்று நாலு பத்துக்கு அறைக்குத் திரும்பியதும் கண்ணாடிக்காரி கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். குதிகாலில் இரண்டு கொப்புளம். இனி எழுந்திருக்க மாட்டேன் என்றாள். அவனுக்கு முதலில் அது காதில் விழவில்லை, ஐந்தரைக்குக் கோபுரம் என்றான். இப்படித்தான் ஆரம்பித்தது. கொப்புளத்திலிருந்து போன வருஷத்துத் தீவுக்குப் போனது, தீவிலிருந்து அதற்கு முந்தின வருஷம் மழையில் ஏறிய கோட்டைக்குப் போனது, அங்கிருந்து வழுக்கித் தேனிலவில் போய் விழுந்தது. அவள் அப்போது ஓர் ஏரிக்கரையில் உட்கார ஆசைப்பட்டிருக்கிறாள். அவன் ஏழு அருவிகளைக் காட்டியிருக்கிறான். பன்னிரண்டாவது நிமிஷத்தில் நீங்க என்பது நீ ஆனது. அவன், நீ சரின்னுதானே சொன்ன என்று ஒன்பது தடவை சொன்னான். கடைசியில் அவள், "நான் எங்க போகணும்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கியா?" என்றாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "நாலு அம்பது ஆச்சு" என்றான். கதவைச் சாத்திக்கொண்டு கோபுரத்துக்குத் தனியே போய்விட்டான். கேள்வி அவனுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. இருபது நிமிஷம் தாமதமானதுதான் படியெல்லாம் உறுத்திக்கொண்டே வந்தது. விடுதிக்காரி அந்நேரம் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காவலர் வேலையில் இருந்தார், அதாவது தூங்கிக்கொண்டிருந்தார். சுவர் ஒன்றுதான் கேட்டது.

வெள்ளிக்கிழமை முழுக்க இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் பத்து இடம் பார்த்தார்கள். காலையில் படியிறங்கும்போது பார்த்த விடுதிக்காரி, என்ன அடக்கம், என்ன ஒழுக்கம் என்று மெச்சிக்கொண்டாள். நாலு ஐந்துக்கு அவர்கள் கால் ஓய்வுக்காகத் திரும்பினார்கள். நாலு பத்துக்கு விடுதிக்காரி துவைத்த படுக்கை விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு மாடி நடையில் வரும்போது, மூன்றாம் அறைக்குள் பெண் குரல் ஒன்று இனி எழுந்திருக்க மாட்டேன் என்றது. அதோடு கூடவே, "இது நான் இல்ல, நான் வாயே தொறக்கல" என்று அதே பெண் குரல் பதறியது. விடுதிக்காரிக்குப் புரிந்துவிட்டது. விரிப்புகள் கையிலிருந்து நழுவின. கதவைத் தட்டாமல் திறந்தாள். கட்டிலில் இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி விறைத்து உட்கார்ந்திருக்க, சுவர் அவர்களின் பதினொரு வருஷத்தை ஒன்றுவிடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தது. ஷூ கழற்றுகிற சத்தம்கூட அச்சு அசல்.

நாற்பது நிமிஷம் மூவரும் கேட்டார்கள். கதவு சாத்துகிற சத்தத்தோடு சுவர் ஓய்ந்தது. அதன்பிறகு விடுதிக்காரி தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே கொத்தனார், ராஜா, காதுக்காரர், நாளைக்குச் சனிக்கிழமை, இருபத்திரண்டு வருஷம் எல்லாம் வரிசை மாறி வந்தன. அட்டவணைக்காரன் முதலில் டார்ச் அடித்துச் சுவரில் ஒயர் ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்தான். இல்லை என்றதும் நம்பினான், அந்த மட்டில் நேர்மையான ஆள்.

"இப்ப என்ன செய்யணும் மேடம்?"

"சண்டைய முடிக்கணும் தம்பி. இந்த ரூமுக்குள்ளயே முடிக்கணும். முடிஞ்சா சுண்ணாம்பு உதிரும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அத என்னைக் கேட்டா? சண்டை உங்களோடது."

அவன் அட்டவணையை எடுத்து 5.00 – 5.15 சமாதானம் என்று எழுதினான். ஐந்து மணிக்கு எழுந்து நின்று, நடந்ததற்கு வருந்துவதாகவும் இனி நடக்காது என்றும் சொன்னான். ரயில் தாமதத்துக்கு அறிவிப்புச் செய்கிற குரல் அது. கண்ணாடிக்காரி, "பரவால்ல, விடுங்க" என்றாள். பதினொரு வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பரவாயில்லை. விடுதிக்காரி மண்டியிட்டுச் சுவரோரத்தைத் தடவினாள். கண்ணாடிக்காரி இரக்கப்பட்டுத் தன் பையிலிருந்து லென்ஸ் எடுத்துக் கொடுத்தாள். ஒரு பொடிகூட இல்லை. செத்துப்போன எறும்பு ஒன்றுதான் பெரிதாகத் தெரிந்தது. இன்னும் மூன்று தடவை சமாதானம் ஆனார்கள். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை, பிடிக்காமல் ஒரு தடவை, விடுதிக்காரி சொல்லிக் கொடுத்தபடி ஒரு தடவை. சுவர் மசியவில்லை.

சனிக்கிழமை காலை காவலர் ஒரு யோசனை சொன்னார். வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கல்லில் உட்கார வைத்தால் மிச்சச் சண்டை தானாக வரும், வந்ததும் சூட்டோடு சூடாகப் பஸ்ஸில் ஏற்றி அறைக்குக் கொண்டுவந்து முடித்துக்கொள்ளலாம் என்றார். தூக்கம் கலைந்து அவர் சொன்ன ஒரே யோசனை என்பதால் விடுதிக்காரி தட்டவில்லை. முதல் வண்டியில் நாலு பேரும் போனார்கள். தங்கள் சொந்தக் கல்லையே அவள் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தாள். அந்த ஊரில் யாரும் யாருக்கும் அதைச் செய்ய மாட்டார்கள். ஆனால் பொட்டலில் காலை வெயில் இதமாக இருந்தது. கடலை சூடாக இருந்தது. இருவரும் ஒருவருக்கொருவர் கடலையைத் தோல் உரித்துக் கொடுத்து, காற்று நன்றாக இருக்கிறது என்று மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். தூரத்துக் கல்லில் நின்றபடி விடுதிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். வண்டியைப் பிடித்துத் திரும்பி வந்தபோது மணி எட்டரை. மூன்றாம் அறையில் காதுக்காரர் நாற்காலியை விரித்து, காதுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

அன்றைய பகல் அவளுக்கு நகரவே இல்லை. மதியம் காதுக்காரருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்து, சுவர் குளிர்ச்சியாக இருக்கும், காதுக்கு ஆகாது, வேண்டுமானால் கீழே படுத்துக்கொள்ளுங்கள் சார் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் தேநீரை மட்டும் வாங்கிக்கொண்டார். சமையலறையில் அவள் பாத்திரங்களை எண்ணி அடுக்க ஆரம்பித்தாள், மூட்டை கட்டும்போது எது முதலில், எது பிறகு என்று. காவலர் அரைநாள் விடுப்புப் போட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார். அன்று மட்டும் அவர் தூங்கவில்லை. மேலே அந்த இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய பதினொரு இடத்தில் ஒன்றையும் பார்க்கவில்லை. ஆறு மணிக்கு அவர்களுக்குப் பஸ்.

நாலு பத்துக்குச் சுவர் தொடங்கியது. காதுக்காரர் மூன்றாவது நிமிஷத்திலேயே சிவப்பு டப்பாவின் மூடியை நெம்பித் திறந்துவிட்டார். ஆனால் கடைசிவரை கேட்ட பிறகுதான் பூச வேண்டும் என்று விதி. விடுதிக்காரி வாசலில் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொப்புளம் முடிந்து தீவு வந்தது. சுவர், அட்டவணைக்காரனின் குரலில், நீ சரின்னுதானே சொன்ன என்றது.

"தப்பு" என்றான் அட்டவணைக்காரன்.

அவனுடைய வேலையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வருஷா வருஷம் ஜூன் மாதம் அவன் அட்டவணை அச்சாகி வரும். ஜூலையில் அவனே திருத்தப் பட்டியல் ஒன்று வெளியிடுவான், தன் பெயர் போட்டு. மற்ற ஊழியர்கள் தவற்றை அச்சகத்தின் தலையில் கட்டுவார்கள், இவன் கட்ட மாட்டான். தான் செய்த பிழையை இரண்டாம் தடவை பார்த்துவிட்டால் திருத்தாமல் அவனுக்குச் சோறு இறங்காது. வெள்ளிக்கிழமை கேட்டபோது தான் சொன்னதெல்லாம் சரியாகவே பட்டது. சனிக்கிழமை கேட்டபோது கண்ணில் பட்டுவிட்டது. பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினான். பதினொரு ஊர், முந்நூற்றுச் சொச்சம் இடம், அவள் கையெழுத்து ஒரு பக்கத்திலும் இல்லை.

"அவ சரின்னு சொல்லல. நான் கேக்கவே இல்ல. கேக்காத கேள்விக்கு யாராவது சரின்னு சொல்ல முடியுமா?" என்றான் சுவரைப் பார்த்து.

அந்த ஊரில் நானூறு வருஷமாகச் சுவரோடு மல்லுக்கட்டியவர்கள் உண்டு. மனைவி குரலுக்குக் கணவன் பதில் சொல்லியிருக்கிறான், அண்ணன் குரலை எதிர்த்துத் தம்பியின் பேரன் கத்தியிருக்கிறான். தன் குரலோடு தானே வாதாட ஒருவனுக்கும் தோன்றியதில்லை. சுவர் திக்கியது. திக்கி, விட்ட இடத்திலிருந்து பிடித்து, தீவை நீயும்தானே ரசிச்சுப் பாத்த என்றது. "தப்பு. அவ ரசிச்சாளா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் முன்னாடி நடந்துட்டு இருந்தேனே." மழைக் கோட்டையில் நீதான் சிரிச்ச என்றது சுவர். "தப்பு. போட்டோ எடுக்கறப்ப நான்தான் சிரிக்கச் சொன்னேன்." இப்படி ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போனான். ஒன்பது சரிக்கும் ஒன்பது தப்பு போட்டான். தன்னை அவன் இவ்வளவு மும்முரமாகத் தோற்கடிப்பதைக் கண்ணாடிக்காரி கண் கொட்டாமல் பார்த்தாள். காதுக்காரர் சுவருக்கு ஒரு காது, அவனுக்கு ஒரு காது என்று பங்கிட்டுக் கொடுத்திருந்தார்.

கடைசியில் சுவர் அவள் குரலில் கேட்டது, எங்க போகணும்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கியா என்று. பிறகு அவன் குரலில், நாலு அம்பது ஆச்சு என்றது. அட்டவணைக்காரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சரியாக நாலு ஐம்பது.

"நேரம் சரி. சொன்னதுதான் தப்பு" என்றான். பிறகு சுவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் திரும்பினான். "எங்க போகணும்?"

அவள் குதிகாலின் கொப்புளத்தைத் தடவினாள். அந்தக் கேள்விக்கு அவளிடம் தயாராகப் பதிலே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. "எங்கயும் போக வேணாம். கொஞ்சம் உக்காரணும்."

"எவ்வளவு நேரம்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணாடிக்காரி அவனைப் பார்த்தாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சிரிப்பு வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அதையும் எழுதி வெச்சுக்காத" என்றாள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. சிட்டிகை இல்லை, ஒரு முறம் தேறும். பதினொரு வருஷத்துக் கணக்கு அது. காதைச் சுவரில் வைத்திருந்த காதுக்காரரின் தலை, மீசை, மடியில் இருந்த காதுறை, திறந்திருந்த சிவப்பு டப்பா எல்லாம் வெள்ளையாகிவிட்டன.

அவர் துடைத்துக்கொள்ளவில்லை. வேலை நேரம் ஐந்து மணி வரை. மீதிப் பத்து நிமிஷமும் அப்படியே உட்கார்ந்து கேட்டார். கட்டிலில் அந்த இருவரும் சும்மா இருந்தார்கள். வாசலில் விடுதிக்காரி மூச்சை அடக்கி நின்றாள். காவலரும் ஓசைப்படாமல் மேலே வந்து அவள் பின்னால் நின்றார். ஐந்து அடித்ததும் காதுக்காரர் எழுந்து, கதவு நிலையில் ஒரு பச்சைக் கோடு இழுத்து, நாற்காலியை மடக்கிக்கொண்டு, வெள்ளைத் தலையோடு தெருவில் இறங்கிப் போனார். விடுதிக்காரி காவலரின் தோளைப் பிடித்துக்கொண்டாள், அடுக்கி வைத்த பாத்திரங்களைத் திரும்பக் கலைக்க வேண்டும் என்ற நினைப்பே அவளுக்குத் தேனாக இருந்தது. ஆறு மணி பஸ் போய்விட்டது. அவனுக்கு அது தெரியும், ஆனாலும் எழுந்திருக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம் வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். மறுநாள் காலை முதுகுப் பைகளை மாட்டிக்கொண்டு, பதினொரு இடம் பார்க்காமலே ஊருக்குப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பத்துக்கு விடுதிக்காரியும் காவலரும் மூன்றாம் அறையில் போய் நின்றார்கள். சுவர் வாய் திறக்கவில்லை. அப்பாடா என்று அவள் திரும்பும்போது, நாலு ஐம்பதுக்கு, காலியாகக் கிடந்த கட்டில் லேசாக முனகியது. இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிற ஓசை. ஒருவர் மூச்சு விட்டார், இன்னொருவர் காலை மாற்றி வைத்தார். வார்த்தை ஒன்றும் இல்லை. வெளிச்சம் மங்குகிற வரை அது இருந்தது. அவள் அலறியடித்துக்கொண்டு காதுக்காரர் வீட்டுக்கு ஓடினாள். அவர் மறுநாள் வந்து, காதுறையைக் கழற்றி, நாலு ஐம்பதிலிருந்து இருட்டுகிற வரை கேட்டார். விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார்.

"பேச்சு இல்ல. சண்டையும் இல்ல. உக்காந்திருக்கறதுக்கு விதி ஒண்ணும் போடலம்மா" என்றார்.

"சுவரு முடியாததத்தானே சார் சொல்லும்? அதான் முடிஞ்சு, சுண்ணாம்பும் கொட்டிருச்சே?"

காதுக்காரர் புத்தகத்தை மூடினார். "அவங்க ரெண்டு பேரும் இன்னும் எழுந்திருக்கல போல" என்று சொல்லிவிட்டு, பச்சைக் கோட்டை அழிக்காமல் போய்விட்டார்.

அதற்கடுத்த ஜூன் மாத ரயில் அட்டவணையில், ஏரிக்கரையில் இருக்கும் ஒரு சின்ன நிலையத்தில் மாலை வண்டி காரணமில்லாமல் நாற்பது நிமிஷம் நிற்கும் என்று போட்டிருந்தது. ஜூலை மாதத் திருத்தப் பட்டியலில் அது வரவில்லை. பயணிகள் முதலில் புகார் எழுதினார்கள். பிறகு இறங்கி ஏரியைப் பார்த்தார்கள். மூன்றாம் வருஷத்திலிருந்து புகார் நின்றுபோனது. கோட்டை நகரத்தில் மூன்றாம் அறைக்கு ஒருநாளும் ஆள் இல்லாமல் போனதில்லை. புதிதாகக் கல்யாணமானவர்கள் வந்தார்கள், மருந்து விற்கிற பிரதிநிதிகள் வந்தார்கள், கிணற்றுப் பேரன்மார்களில் ஒருவர் வக்கீல் இல்லாமல் வந்து ஒரு வாரம் தங்கினார். விடுதிக்காரி பரீட்சை வைப்பதை விட்டுவிட்டாள். யார் வந்தாலும் சாவியைக் கொடுத்தாள். முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் ஒரே மாதிரி படியிறங்கி வருவார்கள்.

"அக்கா, ரூம்ல ஏற்கெனவே யாரோ இருக்காங்க போலிருக்கே?"

"ஆமா, ரெண்டு பேரு. சும்மா உக்காந்திருக்காங்க. கட்டில்ல அந்தப் பக்கம் எடம் இருக்கும் பாருங்க."

வந்தவர்கள் தலையாட்டிவிட்டு, தேநீர் டம்ளரை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார்கள்.